முண்டாசும் வலைத்தொப்பியும்: மயிலாப்பூரிலிருந்து கிண்டி வரை

சென்னையின் தென்பகுதியையும் நடுப்பகுதியையும் அவற்றின் அடுப்படிகள் வழியாக அறிய விரும்பும் பயணிக்கு மார்கழியைவிடப் பொருத்தமான மாதம் வேறில்லை. விடியலுக்கு முன்பே கோயில் மடைப்பள்ளிகளில் வெண்பொங்கல் தயாராகிறது. டிசம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் இசை விழாவுக்காகச் சபாக்களை ஒட்டித் தற்காலிகச் சமையற்கூடங்கள் எழுகின்றன. இனிப்புக் கடைகளின் பின்கட்டுகளில் பொங்கலுக்கான முறுக்கும் அதிரசமும் திரளத் தொடங்குகின்றன. இத்தனை உணவையும் ஆக்கித் தருவோர் தலையில் எதை அணிகிறார்கள், ஏன் அணிகிறார்கள், எதை அணியும்படி சட்டம் சொல்கிறது என்ற கேள்வியைத் துணையாகக் கொண்டு மயிலாப்பூரில் புறப்பட்டு, தேனாம்பேட்டை, தியாகராய நகர், அடையாறு வழியாகக் கிண்டியில் முடியும் ஒரு பாதையை இக்கட்டுரை பின்பற்றுகிறது.

பாதையின் தொடக்கம் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகள். கோயிலின் அன்னதானக் கூடம், அருண்டேல் தெருவின் ராயர் மெஸ், பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு சன்னலின் வழியாகவே பஜ்ஜியும் பொங்கலும் நீட்டப்படுவதால் ‘ஜன்னல் கடை’ என்றே பெயர் பெற்றுவிட்ட சிற்றுண்டிக் கடை, அப்பளமும் வடகமும் விற்கும் கடைகள் என்று உணவுத் தொழிலின் எல்லா அளவுகளும் ஒருசில தெருக்களுக்குள் அடங்கிக் கிடக்கும் இடம் இது. இங்கே பரம்பரையாக வந்த தலைக்கட்டுகள் மூன்று. மடைப்பள்ளியில் பணிபுரிவோரின் குடுமி, முடியைப் பின்னால் இழுத்து முடிச்சிட்டு நெற்றியிலும் கன்னத்திலும் விழாமல் காக்கிறது. கல்யாணச் சமையற்காரர்களின் முண்டாசு, தோளில் கிடக்கும் துண்டையே தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. அது நெற்றி வியர்வையை உறிஞ்சுமே தவிர உச்சந்தலையைப் பெரும்பாலும் திறந்தே விடுகிறது, மேலும் அதே துண்டு சற்று நேரத்தில் கை துடைக்கவும் சூடான அண்டாவைப் பிடித்து இறக்கவும் அவிழ்க்கப்படுகிறது. பெண்களின் அள்ளிமுடிந்த கொண்டை மூன்றாவது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் தலையை விரித்துப் போட்டபடி அடுப்பின் முன் நிற்கக் கூடாது, சமையலறைக்குள் சீப்பை எடுத்துவரக் கூடாது என்று வீட்டுப் பாட்டிமார் விதித்த கட்டுப்பாடுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, உணவுத் தொழிலாளர் முடியை மூட வேண்டும் என்ற விதி அயல்நாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமையாகத் தோன்றக் காரணமில்லை.

மாட வீதிகளிலிருந்து எட்டும் தொலைவில் திருவள்ளுவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருக்குறளின் மானம் என்னும் அதிகாரம், தன் நிலையிலிருந்து தாழ்ந்தவரைத் தலையிலிருந்து வீழ்ந்த மயிருக்கு ஒப்பிடுகிறது. தலையில் இருக்கும்வரை எண்ணெயும் பூவும் பெறும் அதே இழை, உதிர்ந்த கணத்தில் அருவருப்புக்குரியதாகிவிடும் என்ற உணர்வு அந்த அளவுக்குப் பழமையானது. இலையில் கிடக்கும் ஒற்றை முடியைக் கண்டு பந்தியிலிருந்து எழுந்துவிடும் மனிதரை வெறும் கூச்சக்காரர் என்று தள்ளிவிடக் கூடாது. சமைத்தவர் தம்மைப் பொருட்படுத்தவில்லை என்று அவர் அதிலிருந்து படித்துக்கொள்கிறார், அந்த வாசிப்பு பல நேரங்களில் சரியாகவே இருக்கிறது.

இந்தியாவில் இவ்வுணர்வுக்குச் சட்ட வடிவம் தருவது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006. இச்சட்டம் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. இதன்கீழ் 2011இல் இயற்றப்பட்ட உரிமம் மற்றும் பதிவு குறித்த ஒழுங்குமுறைகள் அதே ஆண்டு ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் இறுதியில் இணைக்கப்பட்டுள்ள நான்காம் அட்டவணைதான் சமையற்கட்டுத் தூய்மையின் அன்றாட விதிகளைக் கொண்டிருக்கும் பகுதி. உணவைக் கையாள்வோர் துவைத்த உடை அணிய வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், வேலையின்போது முகத்தையும் முடியையும் தொடுவதைத் தவிர்க்க வேண்டும், உணவுக்குள் விழக்கூடிய அணிகலன்களைக் கழற்றிவிட வேண்டும் என்பனவற்றோடு, மேலங்கி, கையுறை, தலையுறை ஆகியவற்றையும் அது வேண்டுகிறது. பெரிய தொழிற்சாலைகளோடு இவ்விதிகள் நின்றுவிடுவதில்லை. ‘சிறு உணவு உற்பத்தியாளர்’ என்று ஒழுங்குமுறைகள் வரையறுக்கும் வகையில் நடமாடும் வியாபாரியும் தற்காலிகக் கடைக்காரரும் மட்டுமல்லாமல், சமயக் கூட்டங்களிலும் சமூகக் கூட்டங்களிலும் உணவு வழங்குவோரும் அடங்குகின்றனர். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்று மாட வீதிகளில் பந்தலிட்டுப் புளியோதரையும் மோரும் வழங்கும் அடியார்கள் காசு வாங்குவதில்லை என்றாலும், அவர்களுடைய அண்டாக்கள் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டவையே. பசியோடு கைநீட்டுபவரின் வயிற்றுக்கு, உணவு தானமாக வந்ததா விலைக்கு வந்ததா என்ற வேறுபாடு தெரியாது என்பதால் இவ்விதி முற்றிலும் நியாயமானது.

விதியின் பின்னால் இருக்கும் உடலியலைச் சற்று நின்று பார்ப்பது பயன்தரும். மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. நலமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் இயல்பாக உதிர்கின்றன. ஆகவே பத்துப் பேர் வேலை செய்யும் சமையற்கட்டில் முடி உதிராத வேளை என்று ஒன்று இருக்க முடியாது. ஆனால் உதிரும் முடியைவிடக் கவலைக்குரியது அதைத் தேடிப் போகும் கை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிர், ஏறத்தாழ மூன்றில் ஒருவருடைய மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது, தோலிலும் காணப்படுகிறது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, வியர்வையைத் துடைத்து, அரிக்கும் இடத்தைச் சொறிந்துவிட்டு அதே கை பால்கோவாவையோ வெந்த உருளைக்கிழங்கையோ தொடும்போது அந்நுண்ணுயிர் உணவுக்கு இடம்மாறுகிறது. உணவு வெதுவெதுப்பாகப் பல மணிநேரம் கிடந்தால் அது பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. நுண்ணுயிர் கொதியில் மடிந்தாலும் அந்த நஞ்சு வெப்பத்தைத் தாங்கி நிற்பதால், மறுபடி சூடாக்கி உண்பவருக்கும் சில மணிநேரத்தில் வாந்தி தொடங்கிவிடுகிறது. முடியை இறுக மூடிவிட்டால் கை தலைக்குப் போகும் தேவை குறைகிறது. தலையுறையின் முதன்மையான பயன் இதுதான். விழும் முடியைப் பிடிப்பது அதற்கு அடுத்ததே. இதைத் தொழிலாளரிடம் விளக்காமல் தொப்பியை மட்டும் நீட்டுகிற இடங்களில், நெற்றிமுடியும் காதோர முடியும் வெளியே தொங்க உச்சியில் மட்டும் தொப்பி அமர்ந்திருப்பதைக் காணலாம்.

லஸ் முனையிலிருந்து டி.டி.கே. சாலை வழியாக மியூசிக் அகாடமியை நோக்கிச் செல்லும் பாதை மார்கழியில் இசையோடு சாப்பாட்டுக்கும் பேர்போனது. சபா கேன்டீன்களின் அடை அவியலுக்காகவும் கீரை வடைக்காகவும் கச்சேரிச் சீட்டு வாங்காதவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். இக்கூடங்கள் சில வாரங்களுக்கு மட்டும் இயங்குபவை. கொட்டகைக்கு அடியில் அடுப்பு, வாடகைப் பாத்திரம், பல ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட ஆட்கள். இதே வாரங்களில்தான் கார்த்திகை முதல் நாள் மாலை அணிந்து நாற்பத்தொரு நாள் விரதம் இருக்கும் ஐயப்ப பக்தர்களின் தாடி முழு நீளத்தை எட்டுகிறது. ஆண்டு முழுவதும் மழித்த முகத்தோடு வேலை செய்யும் தோசை மாஸ்டரும் சரக்கு மாஸ்டரும் இந்தப் பருவத்தில் தாடியோடு அடுப்பின் முன் நிற்கிறார்கள். தாடியுறை என்பது காதுகளில் மாட்டி முகவாயை மூடும் மெல்லிய வலை. உலக நாடுகளுக்குப் பொதுவான உணவுத் தர நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் தூய்மைக் கோட்பாடுகள் தலையுறையோடு தாடியுறையையும் தேவைக்கேற்பச் சேர்க்கின்றன. அமெரிக்காவின் உணவுக் கையேடும் அதையே சொல்கிறது. ஆயினும் சென்னையின் பெரும்பாலான சமையற்கட்டுகளில் இதைக் காண்பது அரிது. விரதத்துக்கும் தூய்மைக்கும் இடையே மோதல் எதுவும் இல்லை; இரண்டும் கட்டுப்பாட்டை விரும்புபவை. கார்த்திகை பிறப்பதற்கு முன்பே தாடியுறைகளை வாங்கி வைத்துவிடும் முதலாளி, தம் தொழிலாளியின் விரதத்தையும் சாப்பிடுபவரின் உடலையும் ஒருசேர மதித்தவராகிறார்.

எல்டாம்ஸ் சாலையைக் கடந்து அண்ணா சாலைக்கு வந்தால் தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகம். மருத்துவத் துறையின் பல அலுவலகங்கள் இருக்கும் இவ்வளாகத்தில்தான் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆணையரகமும் செயல்படுகிறது. பயணிக்கு இங்கே பார்ப்பதற்கென்று கோபுரமோ குளமோ இல்லை. ஆனால் வழியில் கண்ட எல்லாத் தலைகளுக்கும் உரிய அதிகாரம் குவிந்திருக்கும் இடம் இதுதான். சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, விதிகளைப் பின்பற்றாத உணவுத் தொழில் நடத்துநருக்கு நியமன அலுவலர் ‘மேம்பாட்டு அறிவிப்பு’ அனுப்பலாம். குறை என்ன, எந்த விதி மீறப்பட்டது, எதைச் செய்ய வேண்டும் என்று குறித்து, அதைச் சரிசெய்யப் பதினான்கு நாட்களுக்குக் குறையாத அவகாசம் தருவது இவ்வறிவிப்பு. தூய்மையற்ற முறையில் உணவு தயாரித்தால் 56ஆம் பிரிவின்கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க முடியும்.

இந்த அதிகாரங்களைவிட முக்கியமாகக் கவனிக்கத்தக்கது நான்காம் அட்டவணையின் சொல்லமைப்பு. தூய பாதுகாப்பு உடை, தலையுறை, முகவுறை, கையுறை, காலணி ஆகியவற்றைத் தொழிலாளருக்கு வழங்குவதும், அவர்கள் அவற்றை நாள்தோறும் தூயதாக அணிவதை உறுதிசெய்வதும் தொழில் நடத்துபவரின் கடமை என்றே அது பேசுகிறது. நடைமுறையோ பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. தொப்பி அணியாததற்குத் தொழிலாளி திட்டு வாங்குகிறார், சில கடைகளில் சம்பளத்தில் பிடித்தமும் நடக்கிறது. ஆனால் பெட்டியில் தொப்பி இருந்ததா, காலையில் கொடுத்தது நண்பகலுக்குள் நனைந்து கிழிந்தபோது இன்னொன்று கிடைத்ததா என்ற கேள்வி எழுவதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தொப்பி மொத்தமாக வாங்கினால் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு தட்டு இட்லியின் விலையில் அது எத்தனை சிறிய பங்கு என்பதை எண்ணிப் பார்க்கும்போது, குறையின் வேர் தொழிலாளரின் பழக்கத்தில் இருக்கிறது என்ற வழக்கமான விளக்கம் நிற்பதில்லை.

தியாகராய நகர் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. இந்நகர் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான், 1920இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்கு மதிய உணவு வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. பொதுப்பணத்தில் பெருமளவில் சமைத்துப் பிறருக்கு ஊட்டும் பொறுப்பை இந்நகரம் நூறாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம். இன்று பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடைக்கு வரும் கூட்டத்துக்குச் சோறிடும் ஓட்டல்களின் சமையற்கட்டுகளில் ஒடிசா, பீகார், அசாம், நேபாளம் என்று பல நிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு 25 தொழிலாளருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற நோக்கில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2017இல் ‘ஃபோஸ்டாக்’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் தமிழில் விளக்க, கேட்பவர் ஒடியாவில் சிந்திக்கும் சமையற்கட்டில், செய்து காட்டுவது ஒன்றே வழி.

இங்கே வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தொப்பிகள் பெரும்பாலும் நெய்யாத பாலிபுரோப்பிலீன் துணியால் ஆனவை. அது முடியை நன்றாகப் பிடிக்கும், வியர்வையை உறிஞ்சாது. கடற்காற்றின் ஈரம் குறையாத நகரத்தில், கத்திரி வெயில் நாளில், தோசைக் கல்லின் முன் நிற்பவருடைய தலையில் அத்தொப்பி அணிவித்தால் வியர்வை நெற்றியில் வழிந்து உணவிலேயே சொட்டும். அதைத் துடைக்கக் கை மேலே போகும். விதி எதைத் தடுக்க வந்ததோ அதுவே நிகழும். முண்டாசு கட்டிய பழைய சமையற்காரர் தீர்த்துவைத்த சிக்கல் இதுதான். ஆகையால் நெற்றியைச் சுற்றிப் பருத்திப் பட்டையும் உச்சியில் காற்றோட்டமுள்ள வலையும் கொண்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றித் துவைக்கக்கூடிய துணித் தொப்பியே இந்நகரத்தின் அடுப்படிக்கு ஏற்றது. சட்டம் எந்த வகைத் தொப்பி என்று சொல்லாமல் விட்டிருப்பது இந்த வகையில் ஒரு வசதியே. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும் முதலாளிகள்தான் குறைவு.

வெங்கடநாராயணா சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கோயில் இருக்கிறது. திருமலையில் இறைவனுக்கு முடியைக் காணிக்கையாக்குவதும் லட்டைப் பிரசாதமாகப் பெறுவதும் ஒரே யாத்திரையின் இரு பகுதிகள். காணிக்கை முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்க, அது உலகச் சந்தைக்குப் போகிறது. முடி வணிகத்தின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிந்த தலைவலைகளில் மிகப்பெரும் பகுதி சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் மனித முடியாலேயே பின்னப்பட்டது. நைலான் வந்த பிறகுதான் வலை மலிவாகித் தொழிற்கூடங்களுக்குள் பரவலாக நுழைந்தது.

நந்தனம், கோட்டூர்புரம் வழியாக அடையாற்றை அடையும்போது ஓட்டல் சமையற்கட்டுகளின் ஆண் உலகம் மாறுகிறது. காந்தி நகரிலும் சுற்றுப்புறத்திலும் இனிப்பு, காரம், பொடி, தொக்கு வகைகளால் பெயர் பெற்ற கடைகள் பெருகியிருக்கும் இப்பகுதியில், முறுக்குப் பிழிவதிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை பெண்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது. மயிலாப்பூருக்கு அருகே சாந்தோமில் 2013 பிப்ரவரியில் தொடங்கி நகரெங்கும் பரவிய அம்மா உணவகங்களை நடத்துவோரும் மகளிர் சுய உதவிக் குழுவினரே. இவர்களுக்கு நீண்ட பின்னலும் கனமான கொண்டையும் மல்லிகைச் சரமும் உண்டு. சந்தையில் கிடைக்கும் தொப்பியோ பெரும்பாலும் குட்டைமுடியை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டது. கொண்டையின் மேல் இழுத்து மாட்டினால் முன்நெற்றி திறக்கிறது, முன்நெற்றியை மூடினால் கொண்டை வெளியே வருகிறது. பின்னலைத் தொப்பிக்குள் திணித்தால் அரைமணி நேரத்தில் அவிழ்ந்து விழுகிறது.

பூவும் ஊசியும் இதைவிடச் சிக்கலானவை. மல்லிகை இதழ் உணவில் விழுவது முடி விழுவதைப் போன்ற குறைதான், ஆனால் பூவைத் தாங்கும் ஹேர்பின்னும், அவசரத்துக்கு உதவுமென்று தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்கும் விழுந்தால் அவை தொண்டையைக் கிழிக்கக்கூடிய உலோகங்கள். வளையல், மோதிரம், ஊசி போன்ற பொருள்களோடு உணவைக் கையாளக் கூடாது என்று அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. வேலைக்கு வரும் பெண்ணிடம் பூவை எடுத்துவிட்டு வா என்று வாசலில் நின்று அதட்டும் மேலாளரும், உடைமாற்றும் அறையில் பூவையும் ஊசிகளையும் வைக்கப் பூட்டுள்ள சிறு பெட்டி, கண்ணாடி, முடியை ஊசியின்றி முடிய ரப்பர் பட்டை, கொண்டை கொள்ளும் அளவுக்கு அகன்ற தொப்பி ஆகியவற்றை ஏற்பாடு செய்து தரும் மேலாளரும் ஒரே விதியைத்தான் நடைமுறைப்படுத்துகிறார்கள். ஆனால் முதல் இடத்தில் பெண்கள் விதியைத் தண்டனையாக அறிகிறார்கள். இரண்டாவது இடத்தில் அது தொழிலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கண்ணாடி இருப்பது சிறு செய்தியன்று. காதோர முடி உள்ளே போயிற்றா என்று பார்க்க வழியில்லாத இடத்தில் எவரும் தொப்பியைச் சரியாக அணிய முடியாது. தொப்பியை முதலில் அணிந்து, பிறகு மேலங்கியை மாட்டி, இறுதியில் கை கழுவ வேண்டும் என்ற வரிசையும் அப்படித்தான். மாற்றிச் செய்தால் உதிர்ந்த முடி மேலங்கியின் தோளில் தங்கி, குனியும்போது பாத்திரத்தில் விழும்.

அடையாற்றிலிருந்து கிண்டிக்குப் போகும் சர்தார் பட்டேல் சாலையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருக்கிறது. 1948இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்துக்கும் சமையற்கட்டுக்கும் தொடர்பில்லை என்று பயணி கடந்துவிடக்கூடும். ஆனால் முடி என்ற பொருளின் உறுதியை இதைப்போல நன்கறிந்த இடம் நகரத்தில் வேறில்லை. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரதத்தின் இழைகளைக் கந்தக அணுக்கள் குறுக்குப் பிணைப்புகளாக இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தோல் பதனிடும் தொழிலில் அவற்றை உடைக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் காலங்காலமாகத் தேவைப்பட்டன. அவற்றின் கழிவைக் குறைக்க நொதிகளைக் கொண்டு முடி அகற்றும் முறைகளை இந்நிறுவனம் ஆராய்ந்து வந்திருக்கிறது. இத்தனை வேதிப்பொருள் கேட்கும் இழை, சாம்பாரின் கொதியிலோ கொதிக்கும் எண்ணெயிலோ கரைந்து மறைவதில்லை. விழுந்த பின் தீர்வில்லை, விழாமல் காப்பதே வழி என்ற விதியின் காரணம் இந்த வேதியியலில் இருக்கிறது.

சாலையின் மறுமுனையான கிண்டியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பட்ட கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தின் வளாகத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று பகுப்பாய்வாளருக்கு வருகிறது. பதினான்கு நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். உணவில் இருக்கும் முடியைச் சட்டம் ‘புறப்பொருள்’ என்ற வகையில் வைத்துப் பார்க்கிறது. மூலப்பொருளிலிருந்தோ தயாரிப்பு முறையிலிருந்தோ வந்து சேர்ந்த, ஆனால் உணவைப் பாதுகாப்பற்றதாக்கிவிடாத பொருள் என்பது அதன் வரையறை. 54ஆம் பிரிவின்கீழ் அதற்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் மனித முடியையும் எலியின் முடியையும் வேறுபடுத்திக் காண முடியும், எலியின் முடியாக இருந்தால் கிடங்கின் மீதும் மனித முடியாக இருந்தால் சமையற்கட்டின் மீதும் விசாரணை திரும்புகிறது. ஆனால் அந்த முடி யாருடைய கவனக்குறைவால் வந்தது, தொப்பி கொடுக்காதவராலா அணியாதவராலா என்பதை எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. அதற்கு அலுவலர் சமையற்கட்டுக்குள்ளேயே போக வேண்டும். தலைகளை எண்ணுவதற்கு முன்பு தொப்பி வாங்கிய ரசீதுகளையும், உடைமாற்றும் அறையின் கண்ணாடியையும், கொண்டைக்கு ஏற்ற அளவு இருப்பில் உள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். தேனாம்பேட்டையிலிருந்து அனுப்பப்படும் ஆய்வுப் படிவங்களில் இம்மூன்றும் இடம்பெறுமானால், மேம்பாட்டு அறிவிப்பு போய்ச் சேர வேண்டிய முகவரிக்கே போய்ச் சேரும்.